நர்ஸ் போனில் பேசுவதும் சிகிச்சையா? தொலைபேசி வழி நோய்த்தணிப்புப் பராமரிப்பு: ஒரு விளக்கம்

முற்றிய புற்றுநோய், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் என்று வீட்டில் படுத்திருக்கும் ஒருவரின் குடும்பத்திடம், "இனி வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் உங்களுக்கு போன் செய்வார்" என்று மருத்துவமனை சொல்கிறது. கேட்டவர்களுக்கு உடனே வரும் சந்தேகங்கள் இரண்டு. நம்மைக் கைகழுவி விட்டார்களோ? போனில் பேசி இவ்வளவு பெரிய நோயை என்ன செய்ய முடியும்? இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தான். இந்த முறையில் நன்றாக நடக்கும் திட்டங்களும் உண்டு, பெயருக்கு நடக்கும் திட்டங்களும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்க, அந்த அழைப்புக்குள் என்ன நடக்கிறது, அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன காட்டியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பது என்ன?

பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்பின் வேலை நோயைக் குணப்படுத்துவது அல்ல. நோய் தரும் துன்பத்தைக் குறைப்பது. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், மலச்சிக்கல், தூக்கமின்மை, பயம், குடும்பத்தின் சோர்வு எல்லாமே இதன் எல்லைக்குள் வரும். இத்துறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸாகவும், பிறகு மருத்துவமனை சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின் மருத்துவம் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தை, தொடங்கினார். உடலின் வலி, மனத்தின் வலி, உறவுகளால் வரும் வலி, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வியின் வலி ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே வலியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. போனில் பேசும் நர்ஸின் வேலையைப் புரிந்துகொள்ள இந்தக் கருத்துதான் அடித்தளம். அந்த நான்கில் மூன்று, பேச்சின் வழியாகத்தான் வெளியே வரும்.

இதைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் ஒன்றை இங்கேயே சரிசெய்துவிடலாம். இது கடைசி சில நாட்களுக்கு மட்டும் உரியது அல்ல. புற்றுநோய்க்கான கீமோதெரபி நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரில் ஒரு பாதியினருக்கு நோய் கண்டறிந்தவுடனேயே வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புப் பராமரிப்பும் கிடைத்தது. அவர்களின் வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. வாழ்ந்த காலமும் குறையவில்லை. இடைநிலை அளவில், அதாவது குழுவில் பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், இவர்களுக்கு 11.6 மாதங்கள், மற்றவர்களுக்கு 8.9 மாதங்கள்.

தேவை எவ்வளவு என்று பார்த்தால், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு வேண்டும். கிடைப்பதோ சுமார் 14 சதவீதம் பேருக்கு மட்டும். தொலைபேசி என்ற யோசனை இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

ஏன் நர்ஸ், ஏன் போன்?

1. இத்துறையில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் மிகக் குறைவு. இருக்கும் சிலரும் பெரிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்.

2. நோயாளிக்குப் பயணமே ஒரு தண்டனை. எலும்பில் பரவிய புற்றுநோய் உள்ளவருக்கு வண்டியில் ஏறி இறங்குவதே அன்றைய பெரிய வலியாகிவிடும். பத்து நிமிட ஆலோசனைக்காக ஒரு நாள் முழுவதும் போய், அடுத்த இரண்டு நாட்கள் அசதியில் கிடப்பவர்கள் ஏராளம்.

3. பிரச்சினை வரும் நேரம் வேறு, மருத்துவரைப் பார்க்கும் நேரம் வேறு. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பவருக்கு மற்ற நாட்கள் எல்லாம் வீட்டில்தான் கழிகின்றன. வாந்தி, வலி, பயம் மூன்றும் அந்த நாட்களில்தான் வருகின்றன.

4. இந்த வேலையின் பெரும்பகுதி கேட்பது, கற்றுக்கொடுப்பது, தொடர்ந்து கவனிப்பது. மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும், எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லித் தருவது. நர்ஸ்கள் இதற்கெனவே பயிற்சி பெற்றவர்கள்.

வீடியோ அழைப்பு இருக்கும்போது வெறும் குரல் எதற்கு என்று கேட்கலாம். வயதானவர்களுக்கும், இணைய வசதி சரியில்லாதவர்களுக்கும், தன் மெலிந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் சாதாரண போன்தான் எளிது. கண்ணை மூடிப் படுத்தபடியே பேசலாம்.

யார் யாரை அழைக்கிறார்கள் என்பது முக்கியம்

தொலைபேசிச் சேவை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுவேறு ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, நோயாளியோ குடும்பமோ தேவைப்படும்போது அழைக்கும் உதவி எண். நள்ளிரவில் வலி கூடினால், மூச்சில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அழைத்தவுடன் விவரம் தெரிந்த ஒருவர் எடுக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அலுவல் நேரத்துக்குப் பிறகும் அழைக்கக்கூடிய ஆலோசனை எண் இருக்க வேண்டும் என்கிறது.

இரண்டாவது, முன்கூட்டியே குறித்த நாளில் நர்ஸே அழைப்பது. ஆய்வுகளில் பெரிதும் சோதிக்கப்பட்டது இந்த வகைதான். என் பார்வையில் இரண்டில் இதுவே அதிகம் மதிக்கப்பட வேண்டியது. காரணம், கடுமையாக நோயுற்றவர்கள் தாங்களாக அழைப்பது குறைவு. "அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாம் ஏன் தொந்தரவு செய்யணும்" என்று பொறுத்துக்கொள்வார்கள். வலி கூடினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமாகிவிடுமோ என்ற பயத்தில் சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. தாங்க முடியாமல் போன பிறகு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டி வரும். நர்ஸே அழைத்துக் கேட்கும்போது, பிரச்சினை சிறியதாக இருக்கும்போதே கண்ணில் படுகிறது. ஒவ்வொரு முறையும் அதே நர்ஸ் அழைத்தால் பலன் இன்னும் கூடும். போன வாரம் எப்படிப் பேசினார் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வாரம் குரல் இறங்கியிருப்பது தெரியும்.

ஓர் அழைப்புக்குள் என்ன நடக்கிறது?

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். அதனால் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒரு கட்டமைப்போடு கேட்கிறார். எட்மன்டன் அறிகுறி மதிப்பீட்டு முறை என்ற அளவுகோல் 1991இல் கனடாவில் உருவாக்கப்பட்டு, பல இடங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. வலி, களைப்பு, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம், தூக்கக்கலக்கம், பசி, மூச்சுத்திணறல் போன்ற ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் தருகிறார். ஒரு நாளின் எண்ணைவிட, வாரத்துக்கு வாரம் அது எப்படி மாறுகிறது என்பதுதான் நர்ஸுக்கு முக்கியம். போன வாரம் 3 என்றவர் இன்று 7 என்றால், அங்கிருந்து விசாரணை தொடங்குகிறது.

எண் மட்டும் போதாது. வலி 5 என்று சொல்பவரிடம், "நேற்று ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க? குளிக்க எழுந்து போனீங்களா, இல்லை படுக்கையிலேயே துடைச்சு விட்டாங்களா?" என்று கேட்டால்தான் அந்த 5 என்ன என்று புரியும். காதும் வேலை செய்கிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிறாரா, மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறாரா என்பது மூச்சுத்திணறலின் அளவைச் சொல்லும். பேச்சு குழறுவது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருவது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவது எல்லாம் தகவல்கள்.

கற்பனையாக ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவருக்கு மூன்று நாட்களாக வாந்தி, வயிறு உப்புசம், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் போல வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கை நிறுத்த வீட்டில் மாத்திரை கொடுத்திருக்கிறார் மகள். நர்ஸ் கேட்கிறார்: "இதுக்கு முன்னாடி நல்லா மலம் போனது என்னைக்கும்மா?" மகள் யோசித்துவிட்டு, எட்டு நாள் இருக்கும் என்கிறார். "வலிக்குப் புது மாத்திரை எப்ப ஆரம்பிச்சாங்க?" பத்து நாளுக்கு முன்னால், மார்ஃபின். மலச்சிக்கலை உண்டாக்கும் வலி மருந்து அது. "அதோட மலமிளக்கி கொடுத்தாங்களா?" கொடுத்தார்கள், ஆனால் வயிறு கலங்குகிறது என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது கதை புரிகிறது. பெருங்குடலில் மலம் இறுகி அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வெளியேறுகிறது. பார்ப்பதற்கு வயிற்றுப்போக்கு, உள்ளே இருப்பது கடுமையான மலச்சிக்கல். வீட்டில் கொடுத்த மாத்திரை அதை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

அதோடு நர்ஸ் நிற்க முடியாது. குடலே அடைபட்டிருக்குமா என்று பார்க்க வேண்டும். விட்டுவிட்டு முறுக்கும் வலியா? காற்றாவது பிரிகிறதா? வாந்தி என்ன நிறம்? பதில்களைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் பேசி, வீட்டிலேயே சரிசெய்யலாமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். அடுத்த நாளே மறுபடியும் ஓர் அழைப்பு போகிறது. இங்கே நர்ஸ் கேட்டது எல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். அவற்றைச் சரியான வரிசையில் கேட்கத் தெரிவதுதான் அவருடைய பயிற்சி.

அழைப்பின் முடிவில், "நான் சொன்னதை நீங்க எப்படிச் செய்யப்போறீங்கன்னு ஒருதடவை சொல்லுங்க" என்று நல்ல நர்ஸ் திருப்பிக் கேட்பார். இது பரீட்சை இல்லை. மருந்தின் அளவு தவறாகப் புரிந்திருந்தால் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். கூட இருந்து பார்த்துக்கொள்பவரோடு தனியாகவும் சில நிமிடங்கள் பேசுவார். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது மனைவி சொல்லாதது, மனைவி பக்கத்தில் இருக்கும்போது நோயாளி சொல்லாதது இரண்டும் உண்டு.

மார்ஃபின் பற்றிய பயங்கள்

இந்த அழைப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் பொருள் இது. எனவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1. "மார்ஃபின் கொடுத்தால் கடைசி நாள் வந்துவிட்டது என்று பொருள்." அப்படி இல்லை. மார்ஃபின் கொடுப்பது வலியின் அளவைப் பார்த்துத்தான், மீதமிருக்கும் ஆயுளைப் பார்த்து அல்ல. பல மாதங்கள், சிலர் ஆண்டுக்கணக்கில்கூட எடுத்துக்கொள்கிறார்கள்.

2. "அடிமையாகிவிடுவார்." மருந்தை உடல் பழகிக்கொள்வதும் போதைக்கு அடிமையாவதும் வேறுவேறு. பழகிய உடலில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடல் எதிர்வினை காட்டும். ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். முற்றிய நோயின் வலிக்கு, மருத்துவர் கண்காணிப்பில் சரியான அளவு எடுப்பவர்கள் அடிமையாவது அரிது. முன்பு போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அதை நர்ஸிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

3. "வலி வந்தால் மட்டும் கொடுத்தால் போதும்." தொடர் வலிக்கு மருந்தும் நேரம் தவறாமல் தொடர வேண்டும். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கடினம். இடையில் திடீரென வெட்டி வரும் வலிக்கு, நாள் முழுவதுக்குமான அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை கூடுதலாகக் கொடுக்க மருத்துவர் எழுதித் தருவது வழக்கம். அந்தக் கூடுதல் மருந்து ஒரு நாளில் எத்தனை தடவை தேவைப்பட்டது என்று நர்ஸ் எண்ணுவார். எண்ணிக்கை கூடினால் அடிப்படை அளவை மாற்ற வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிவிப்பார்.

4. "தூங்கி வழிகிறார், நிறுத்திவிடலாமா?" ஆரம்பித்த சில நாட்களுக்குத் தூக்கக்கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தாமாகக் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால்தான் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி. ஆனால், எழுப்பினால் எழாத அளவுக்கு மயக்கம், கை கால் தசைகள் திடீர் திடீரென்று துடிப்பது, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, மூச்சு மிக மெதுவாவது ஆகியவை மருந்து அதிகமாகிவிட்டதன் அறிகுறிகள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இது எளிதில் வரும். இதற்குக் குறித்த நாள் அழைப்பு வரும்வரை காத்திருக்கவே கூடாது. உடனே அழைக்க வேண்டும்.

மருந்தில்லாத உதவிகளும் போன் வழியாகப் போகின்றன. மூச்சுத்திணறலுக்கு, கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்து மூக்கு, கன்னப் பகுதியில் குளிர்ந்த காற்று படச் செய்தால் திணறும் உணர்வு குறைகிறது என்பது ஆய்வுகளில் கண்டது. முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையிலோ தலையணையிலோ ஊன்றி உட்காரச் சொல்வதும் அப்படியே. கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். மூச்சு திணறும் ஒருவருக்கும் பக்கத்தில் பதறி நிற்பவருக்கும் உடனே செய்ய ஒரு காரியம் கிடைப்பது சாதாரண உதவி அல்ல.

கடினமான பேச்சு

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?" என்று போனில் ஒருவர் கேட்டால் நர்ஸ் என்ன செய்வார்? முதலில், "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க? எதைத் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பார். பதிலைக் கேட்டபின், அவர் தெரிந்துகொள்ள விரும்பும் அளவுக்குச் சொல்வார். அப்புறம், சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று மறுபடி கேட்பார். கேட்பது, சொல்வது, மீண்டும் கேட்பது என்ற இந்த முறை நேரில் பேசுவதற்கும் பயன்படுகிறது. போனில் ஒரு கூடுதல் சிக்கல், மௌனம். நேரில் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். போனில் மௌனம் வந்தால் இணைப்பு போய்விட்டதோ என்று தோன்றும். "நான் லைன்லதான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க" என்ற ஒரு வரி அந்த இடத்தில் மிகவும் உதவும்.

முன்திட்டம் பற்றிய பேச்சும் இதில்தான் வருகிறது. நிலைமை மோசமானால் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா, செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா, தன்னால் சொல்ல முடியாதபோது தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்பவை ஒரே அழைப்பில் முடியக்கூடியவை அல்ல. பல வாரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக, அவர் மனம் தயாராகும் வேகத்தில் நடக்க வேண்டும். வீட்டுச் சூழலில் தனியாகப் பேசக்கூடிய ஒரு குரலிடம் சிலர் இதை எளிதாகவே பேசுகிறார்கள். வேறு சிலருக்கு முகம் பார்க்காமல் பேசவே முடியாது. அவர்களைப் போனில் வற்புறுத்தக் கூடாது.

போனில் முடியாதவை

போனில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்ய முடியாது, ஊசி போட முடியாது. இவற்றுக்கு வீட்டுக்கு வரும் ஆட்கள் வேண்டும். அதைவிட முக்கியம், போனில் கேட்டவுடனேயே நேரடிச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள். குடும்பத்தினரும் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1. புற்றுநோயாளிக்குப் புதிதாக முதுகுவலி, அதோடு கால்களில் பலவீனம் அல்லது மரத்துப்போவது, சிறுநீர், மலத்தில் கட்டுப்பாடு இழப்பது. தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளம் இது. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரமாக நடக்க முடியாமல் செய்துவிடலாம்.

2. கீமோதெரபி எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நடுக்கம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று வெகு வேகமாகப் பரவும்.

3. முகமும் கழுத்தும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுவது. மார்புக்குள் பெரிய சிரை அழுத்தப்பட்டிருக்கலாம்.

4. அடங்காத தாகம், மலச்சிக்கல், குழப்பம் மூன்றும் சேர்ந்து வருவது. ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம். கடைசிக் கட்டத்தின் மயக்கம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பல சமயம் சிகிச்சையால் தேறக்கூடியது.

5. முதல் தடவையாக வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளிப்படுத்துவது.

நோயாளி மருத்துவமனையே வேண்டாம் என்று ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தால், மேலே சொன்னவற்றுக்கும் வீட்டிலேயே துன்பம் தணிக்கும் ஏற்பாடு செய்யலாம். முன்திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இதற்கு நேர்மாறான சூழலும் உண்டு. இறக்கும் தறுவாயில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், மூச்சு சிறிது நேரம் நின்று மறுபடி வரும். பார்ப்பவர்களுக்கு இது பயங்கரமாக இருக்கும். அந்த நேரத்தில் குடும்பம் அழைத்தால், இது எதிர்பார்க்கப்பட்டதுதான், ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயை ஈரத்துணியால் நனைத்து விடுங்கள், அவரோடு பேசுங்கள், காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று நர்ஸ் சொல்கிறார். ஆம்புலன்ஸ் சைரனும் அவசரப் பிரிவின் விளக்குகளும் வேண்டாம் என்று சொல்லியிருந்த ஒருவருக்கு, அவர் கேட்டபடியே வீட்டில் விடைபெற இந்த அழைப்பு வழி செய்கிறது.

ஆய்வுகள் என்ன காட்டுகின்றன?

இங்கே செய்தித் தலைப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும். வரிசையாகப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது.

முதல் பெரிய ஆய்வு அமெரிக்காவில் 'எனேபிள் 2' என்ற பெயரில் நடந்து, 2009இல் வெளியானது. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களின் கிராமப்புறம் சார்ந்த பகுதியில் முற்றிய புற்றுநோய் உள்ள 322 பேர் பங்கேற்றார்கள். சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வாரம் ஒன்றாக நான்கு அமர்வுகள் போனில் நடத்தினார்கள். பிறகு மாதம் ஒருமுறை தொடர்ந்து பேசினார்கள். வாழ்க்கைத் தரமும் மனநிலையும் மேம்பட்டன. ஆனால் அறிகுறிகளின் கடுமையில் உறுதியான வித்தியாசம் காணப்படவில்லை. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் அவசரப் பிரிவுக்குப் போன தடவைகளும் குறையவில்லை. செலவைக் குறைக்கும் வழி என்று இதை விற்பவர்கள் இந்தக் கடைசித் தகவலைச் சொல்வதில்லை.

அடுத்து 2015இல் வெளியான 'எனேபிள் 3'. 207 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனேயும், மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்தும் இதே சேவை தொடங்கியது. ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 63 சதவீதம், இரண்டாவதில் 48 சதவீதம். ஆனால் நோயாளிகளே சொன்ன வாழ்க்கைத் தரத்தில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த ஓர் ஆய்வை வைத்து 'போன் செய்தால் ஆயுள் கூடும்' என்று சொல்வது சரியல்ல.

2020இல் இதே முறையை இதயச் செயலிழப்பு உள்ள 415 பேரிடம் சோதித்தார்கள். 16 வாரத்தில் வாழ்க்கைத் தரத்திலும் மனநிலையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வலி மட்டும் குறைந்தது. பங்கேற்றவர்களின் நிலை தொடக்கத்திலேயே ஓரளவு நன்றாக இருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

2024இல் வெளியான 'அடாப்ட்' ஆய்வின் முடிவு வேறு. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அமைப்பில், நுரையீரல் நோயோ இதயச் செயலிழப்போ இருந்து, வாழ்க்கைத் தரம் ஏற்கெனவே குறைந்திருந்த 306 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நர்ஸும் ஒரு சமூகப் பணியாளரும் போனில் பேசினார்கள். மருத்துவர்களோடு கூடி ஒவ்வொருவரின் நிலையையும் விவாதித்தார்கள். ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தர மதிப்பெண் 6.0 உயர்ந்தது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 1.4.

எதிர்மாறான முடிவும் உண்டு. நெதர்லாந்தில் 74 புற்றுநோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நோய்த்தணிப்பு நர்ஸ் வாரந்தோறும் வீடியோ வழியாகப் பேசியவர்களுக்கு அறிகுறித் துன்பம் மற்றவர்களைவிட அதிகமாகப் பதிவானது. வாரம் தவறாமல் ஒவ்வொரு அறிகுறியையும் கேட்பதே நோயின் மேல் கவனத்தைக் குவித்துவிடக்கூடும் என்பது ஒரு விளக்கம்.

இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது இது: நிஜமாகவே துன்பத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, குழுவின் துணையோடு, அவரவர் தேவைக்கு ஏற்ற இடைவெளியில் பேசிய இடங்களில் பலன் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே அட்டவணையில் அழைத்த இடங்களில் பலன் மங்குகிறது.

அமெரிக்காவில் 22 மையங்களில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வும் 2024இல் வெளியானது. இது நர்ஸ் அழைப்பு பற்றியது அல்ல. நோய்த்தணிப்பு மருத்துவக் குழுவினரை வீடியோவில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் இடையிலான ஒப்பீடு. வாழ்க்கைத் தரத்தில் இரண்டும் சமம் என்று தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பராமரிப்பவர்கள் கலந்துகொண்டது நேரடிச் சந்திப்புக் குழுவில் 49.7 சதவீதம், வீடியோ குழுவில் 36.6 சதவீதம். தொலைவிலிருந்து பேசும்போது கூட இருப்பவர் தானாக வந்து உட்காருவதில்லை. அவரைத் தனியாக அழைத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எங்கே பழுதாகிறது?

மருந்து எழுதும் அதிகாரம் உள்ளவர் பின்னால் இல்லையென்றால், நர்ஸ் பிரச்சினையைக் கண்டுபிடித்தும் பயனில்லை. "டாக்டரிடம் சொல்கிறேன்" என்ற பதில் இரண்டு நாள் இழுத்தால் அடுத்த முறை நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். வீட்டில் மருந்து இருப்பு இல்லையென்றால், இரவு இரண்டு மணிக்குச் சரியான ஆலோசனை கிடைத்தும் கொடுக்க ஒன்றும் இருக்காது.

ஒரு நர்ஸின் பட்டியலில் ஆட்கள் அளவுக்கு மீறினால் அழைப்பு கேள்வித்தாளாகச் சுருங்கிவிடும். எண்களைக் கேட்டு, குறித்து, வைத்துவிடுவார். இது நர்ஸின் குறை அல்ல, ஏற்பாட்டின் குறை. மாதக்கணக்கில் பழகிய குரல்கள் ஒவ்வொன்றாக மறையும் வேலை இது. பேசி ஆற்றிக்கொள்ள நேரமும், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலும், துக்கப்பட அனுமதியும் அவர்களுக்கு வேண்டும். காது மந்தமானவர்கள், குரல்வளை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், நினைவாற்றல் குறைந்தவர்கள், நர்ஸின் மொழி தெரியாதவர்கள் ஆகியோருக்குத் தொலைபேசி தானாகவே ஒரு தடை. இவர்களுக்கு வேறு வழி வைக்காத திட்டம் அரைகுறைத் திட்டம்தான்.

நேரடி வருகைகளை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் போனை வைப்பதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. எனேபிள், அடாப்ட் இரண்டிலும் வழக்கமான மருத்துவம் தொடர்ந்தது. போன் அதற்கு மேல் கூடுதலாகச் சேர்ந்தது.

இந்தச் சேவை கிடைத்தால் கேட்க வேண்டியவை

1. எப்போதும் ஒரே நர்ஸ் அழைப்பாரா? அவர் விடுப்பில் இருந்தால் எங்கள் விவரம் தெரிந்த வேறொருவர் உண்டா?

2. இரவிலும் விடுமுறை நாளிலும் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? எடுப்பவரால் எங்கள் கோப்பைப் பார்க்க முடியுமா?

3. மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருந்தால் யார் முடிவெடுப்பார், எத்தனை மணி நேரத்தில்?

4. தேவைப்பட்டால் வீட்டுக்கு யாராவது வருவார்களா?

5. அழைப்புகளைக் குறைக்கவோ கூட்டவோ நாங்கள் கேட்கலாமா?

வீட்டுப் பக்கத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. எல்லா மருந்துகளையும் அழைப்பு நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அட்டையைப் பார்த்துப் படிப்பதே பாதுகாப்பு. கூடுதல் வலி மருந்து கொடுத்த நேரம், மலம் போன நாள், தூங்கிய நேரம் இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோயாளி தனியாகப் பேச வேண்டும் என்றால், கதவைச் சாத்திவிட்டு வெளியே இருங்கள்.